கழுவாத கோப்பை

“இஞ்சேருங்கோ, ஒராளை அனுப்பவேணும். எந்தப் பக்கத்தால அனுப்பலாம்?”

“நூறாம் நம்பர் பஸ்ஸில ஏத்திவிடும். பாணந்துறை மட்டும் போகும்.”

கேட்டவர் சரோஜினிதேவி. சாப்பாட்டு மேசையில், காதில் பேனையும் கையில் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கிறார். பதில் சொன்னவர் அவருடைய கணவர் நவரத்தினம், இளைப்பாறிய நில அளவையாளர். சாய்மனைக் கதிரையில் பத்திரிகைக்குப் பின்னால் இருக்கிறார். முகம் தெரியாது, கால் பெருவிரல்கள் இரண்டும் தெரியும். அனுப்பப்பட வேண்டியவர் தொடர்கதையில் வருகிற ஒரு வழக்குக்கார மாமா. வயது எழுபத்தெட்டு, நெஞ்சுவருத்தம், போதாக்குறைக்கு வேலிப் பிரச்சினையில் ஊர் முழுவதையும் கோர்ட்டுக்கு இழுத்தவர். வேறு எந்த எழுத்தாளரும் ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டு எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். சரோஜினிதேவி தேத்தண்ணியை மாமாவுக்குக் கொடுக்கிறார்.

மாமா பாதி குடிப்பார். அடுத்த பந்தியில் அந்தக் கோப்பை கழுவாமல் கிடக்கும். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். பதினாறு வருடமாக எங்கள் வாரப்பத்திரிகையில் இந்த முறைப்படி இருபத்துமூன்று பேரை அனுப்பியிருக்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன். உதவி ஆசிரியனுக்கு வேறென்ன வேலை? கொழும்பு வெள்ளவத்தை வாசகிகளுக்கு இது அத்துப்படி. கழுவாத கோப்பையைக் கண்டதும் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள்.

இத்தனை பேரை அனுப்பிய அந்த மூன்றாம் மாடி வீட்டில் கோப்பை கழுவ மட்டும் நேரம் கிடையாது. காலைக் கோப்பை, பத்து மணிக் கோப்பை, நேற்று வந்துபோன பக்கத்து வீட்டுக்காரியின் கோப்பை என்று எல்லாம் எழுதும் தாள்களைச் சுற்றி நிற்கும். தாள் என்பதும் கிழித்த நாட்காட்டியின் பின்புறம்தான். “பின்னேரம் ஒரேயடியாக் கழுவலாம் தம்பி” என்பார். புதன்கிழமை தோறும் எழுத்துப் பிரதி வாங்கப் போகிற நான் அந்தப் பின்னேரத்தை ஒருநாளும் கண்டதில்லை. “உம்மட கதையின்ர கணக்குப்படி பாத்தா இந்த வீட்டில ஒருத்தரும் உயிரோட இல்லை” என்பது பத்திரிகைக்குப் பின்னாலிருந்து வருகிற அபிப்பிராயம்.

உயிர் போவதைக் குறிக்கும் அந்த நேரடிச் சொல்லைச் சரோஜினிதேவி எழுதுவதுமில்லை, வாயால் சொல்வதுமில்லை. இதற்கு மாமியார்தான் காரணம். முதல் கதையில் அவர் கஞ்சத்தனமான ஒரு மாமியாரை, “அன்று மாலை அவள் இறந்தாள்” என்று பட்டென்று முடித்துவிட்டார். சொந்த மாமியார் அதை வாசித்துவிட்டு, “என்னைச் சாக்காட்டிப்போட்டாள்!” என்று பாயில் சுருண்டு படுத்தார். மூன்று நாள் சாப்பாடில்லை. நாலாம் நாள் எழும்பி, இரண்டு மடங்கு சாப்பிட்டு, அதற்குப் பிறகு பதினொரு வருடம் நன்றாக இருந்தார். அந்தப் பதினொரு வருடமும் மருமகளின் கதைகளை அவர் ஒரு வரி விடாமல் படித்த காரணத்தால், அவர் கண்டுபிடிக்காதபடி ஆட்களை அனுப்பச் சரோஜினிதேவிக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கோப்பை அப்படி வந்ததுதான்.

மாமியாரின் நேரம் உண்மையாகவே வந்தபோதும் இவருக்கு வாய் வரவில்லை. குளித்துக்கொண்டிருந்த கணவரிடம் கதவைத் தட்டி, “இஞ்சேருங்கோ, மாமிக்கு இனித் தேத்தண்ணி வேண்டாமாம்” என்றிருக்கிறார். “நான் என்னத்தைக் கண்டன்? அப்ப கோப்பி போட்டுக் குடுமன் எண்டிட்டு ஆறுதலாச் சவுக்காரம் போட்டனான்” என்று நவரத்தினம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

தொழிலும் இந்தக் குணத்துக்குத் தோதாக அமைந்தது. இருபத்தாறு வருடம் தபால் கந்தோரில் தந்தி எடுக்கிற கவுண்டர். ஊரில் ஒருவர் போய்விட்டால் கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு யாரும் அப்படியே தந்தி அடிப்பதில்லை. ‘அப்பா சீரியஸ், உடனே வரவும்’ என்றுதான் அடிப்பார்கள். பிள்ளைக்கும் விளங்கும், வெள்ளை வேட்டியோடு ரயில் ஏறுவான். ஒருமுறை ஒரு தகப்பனுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வருத்தம் மட்டும்தான். சரோஜினிதேவி கைப்பழக்கத்தில் ‘சீரியஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மகன் பறைமேளத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் தகப்பன் தின்றுகொண்டிருக்கிறார், பிட்டும் மாம்பழமும்.

வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரம் வெள்ளவத்தையில் கறி தாளிக்கிற சத்தம்கூட நின்றுவிடும். இவர் வீட்டிலும் கேட்பார்கள், ஆனால் மரியாதையோடு அல்ல. “சிவபதம் அடைந்தார்” என்றால், “ஆர், அந்தக் கள்ளுக் குடியனோ? கதவு திறந்திருப்பினமே?” என்பார். “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்றால், “தட்டி எழுப்பிப் பாத்தவையாமோ?” என்பார். மற்றவர்களின் போர்வைகளை இப்படி இழுத்துப் பார்க்கிற இந்த மனுசிக்குத் தன்னுடைய கோப்பையில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை.

போன வருடம், கொழும்பில் தங்கும் தமிழர் நிரப்பவேண்டிய பொலிஸ் பதிவுப் படிவத்தில் தகப்பனின் விவரம் கேட்டிருந்தார்கள். தகப்பன் போய் இருபது வருடம். அதை எப்படி எழுதுவது? பேனையைக் கடித்து யோசித்து, கடைசியில் ‘கீரிமலையில்’ என்று எழுதினார். கீரிமலைக் கடலில்தான் தகப்பனின் சாம்பலைக் கரைத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு விளங்கும், பொலிசுக்கு எப்படி விளங்கும்? வடக்கே சண்டை நடக்கிற இடத்தில், நூற்றிரண்டு வயது மனிதர் என்ன செய்கிறார் என்று அதிகாரி கேட்டார். “அவர் அங்கை கடலோட இருக்கிறார்” என்று இவர் சிங்களத்தில் விளக்கம் சொல்ல, அதிகாரி கடற்படை, படகு என்று வேறு பக்கம் போய்விட்டார். நவரத்தினம் குறுக்கே விழுந்து “மெருணா, மாத்தயா, மெருணா” என்று, இறந்துவிட்டார் என்கிற அந்த ஒரே சிங்களச் சொல்லைப் போட்டுத்தான் மனைவியை மீட்டார். தன் அப்பாவை வெளிப்படையாக அப்படிச் சொல்லிவிட்டார் என்று சரோஜினிதேவி இரண்டு நாள் கணவரோடு கதைக்கவில்லை.

இப்போது வருகிற தொடரின் பெயர் ‘ஏழாம் இலக்க அறை’. வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு தங்கி, வெளிநாடு போக ஏஜென்சிக்காரனின் வாயைப் பார்த்திருக்கிற பொடியன் சேந்தன். ஒருநாள் பின்னேரம் பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கப் போகிறான். திரும்பி வரவில்லை. பதினொரு வாரமாக வரவில்லை. “பாணில பூஞ்சணம் பிடிச்சிருக்கும்” என்கிறார் நவரத்தினம். எனக்கோ கடிதங்கள் பெட்டி நிறைய வருகின்றன. அவற்றில் ஒன்று ஒவ்வொரு வாரமும் தவறாமல் வரும். பள்ளிக் கொப்பித் தாள், பெயரில்லை, ஒரே ஒரு வரி. “சேந்தன் இந்தக் கிழமை வருவானோ?”

“அக்கா, ஒன்றில் பொடியனைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுங்கள்” என்று நான் நச்சரித்தேன்.

“பொறும் தம்பி. பொடியன் எங்கை நிக்கிறான் எண்டு எனக்கே தெரியேல்லை. தெரியாம என்னெண்டு எழுதிறது?”

அப்படி அவர் தெரியாமல் இருந்தபோதுதான் றேமண்ட் சேந்தனை அனுப்பினார்.

றேமண்ட் கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். பதினாறு வருடமாகச் சரோஜினிதேவியின் கிறுக்கல் எழுத்தை ஈயத்தில் அடுக்கி அடுக்கி அவருடைய பரம ரசிகராகிவிட்டவர். போன வாரம் தொடர்கதையின் கடைசிப் பத்தியில் நாலு வரி குறைந்தது. வழக்கமாக அந்த இடத்தில் ஒரு பூப்படத்தைச் செருகுவார்கள். அன்று பூ இல்லை.

“பூ புளொக்கை மெசின்ல நிக்கிற வின்சன்ற் கல்யாணக் கார்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் என்னத்தைச் செய்ய?” என்று பிறகு என்னிடம் சொன்னார். “அக்கா எழுதுற மாதிரியே நாலு லைன் போட்டு நிரப்பினேன். நல்லாத்தானே வந்திருக்கு?”

அவர் போட்டது, ஒடுங்கிய பத்தியில் நாலு வரி, இதுதான்: ‘மேசையில் சேந்தன் குடித்த கோப்பை கழுவாமல் கிடந்தது. ஈ ஒன்று பறந்து வந்து அதன் விளிம்பில் இருந்தது.’

மறைத்து என்ன, அச்சுக்கு முன் பிழை பார்த்தவன் நான். ஈ நன்றாக இருக்கிறது என்று ரசித்துக் கையெழுத்தும் போட்டேன். அக்கா எழுதியது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது, திங்கட்கிழமை தொலைபேசி ஓயவில்லை. ஒரு பெண் திட்டினார், ஒரு பெண் அழுதார், ஒரு பெண் சேந்தனுக்கு எட்டுச்செலவுச் சடங்கு எந்த நாளில் வருகிறது என்று விசாரித்தார். தன் கதையை அச்சில் பார்க்கும் வழக்கமே இல்லாத சரோஜினிதேவி ஒன்றும் அறியாமல் சந்தைக்குப் போயிருக்கிறார். மூன்று பேர் வழிமறித்து, “பச்சைப் பிள்ளையை அனுப்பிப்போட்டு வாறியள், உங்களுக்குக் கத்தரிக்காய் ஒரு கேடோ?” என்று கேட்டார்களாம். கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்து எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, புதன்கிழமை வரேக்கை அந்த றேமண்டையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

றேமண்ட் ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு வந்தார். வழியில் மூன்று சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தபோதெல்லாம் கலங்காத மனிதர், மூன்றாம் மாடிப் படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

“இருபத்துமூண்டு பேரை அனுப்பினனான்” என்று சரோஜினிதேவி தொடங்கினார். “ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிழமை நித்திரை முழிச்சு யோசிச்சு அனுப்பினனான். நீர் நாலு வரியில அலுவலை முடிச்சுப்போட்டீர், என்ன?”

“மன்னிச்சுக்கங்க அக்கா.”

“என்ர பொடியன். அவனை அனுப்ப நீர் ஆர்? அதென்ன ஈ?”

“அது... ஒரு இதுக்குத்தான்.”

பத்திரிகை குலுங்கியது. அந்த நேரத்தில்தான் கதவு மணி அடித்தது.

வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. சாயம் போன வொயில் சேலை, கையில் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பை.

“கதை எழுதிற ரீச்சர் இருக்கிறாவோ?”

எழுதுகிறவர் எல்லாரும் பள்ளிக்கூட ரீச்சர்தான் என்பது நம் ஆட்களின் நினைப்பு. சரோஜினிதேவி திருத்தவில்லை. “வாங்கோ, இருங்கோ” என்றார்.

“நான் மயிலம்மா. கீழ லேனில லொட்ஜில இருக்கிறன். கிழமைக்கிழமை கடிதம் போடுறது நான்தான்.”

கதிரை நுனியில் உட்கார்ந்தார். பையைத் திறந்து, ஒரு துவாயை எடுத்து, அதன் சுற்றை மெதுவாக அவிழ்த்து, உள்ளே இருந்ததை மேசையில் வைத்தார். நீல விளிம்பு போட்ட ஒரு கோப்பை. உள்ளே தேத்தண்ணி காய்ந்து, மண்ணிறத்தில் வெடித்திருந்தது. சரோஜினிதேவியின் ஏழு கழுவாத கோப்பைகளுக்கு நடுவில் அது எட்டாவதாக நின்றது.

“என்ர மகன் குகதாசன் குடிச்சது. கொலன்னாவையில எண்ணெய்த் தாங்கியை அடிச்சு எரிச்ச கிழமை பொலிசுகள் லொட்ஜுக்கு வந்து, விசாரிச்சுப்போட்டு விடுறம், பத்து நிமிசம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. பிள்ளை பாதி குடிச்சவன். ‘மிச்சத்தை வந்து குடிக்கிறன் அம்மா, ஊத்திப்போடாதை’ எண்டவன். நாலு மாசம். நான் கழுவேல்லை. கழுவினா அவன் வரமாட்டானோ எண்டு ஒரு பயம் ரீச்சர். நீங்கள் என்னெண்டால் கழுவாத கோப்பை எண்டால் ஆள் முடிஞ்சுது எண்டு எழுதிறியள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அறைக்காரி உங்கட கதையைப் படிச்சுப்போட்டு வந்தவ. வந்து யன்னல்ல இருந்த இந்தக் கோப்பையைப் பாத்தா. பிறகு என்ர முகத்தைப் பாத்தா. ஒண்டும் கதைக்காமப் போட்டா. இப்ப நான் இதைக் கழுவுறதோ, வைச்சிருக்கிறதோ? அதைச் சொல்லுங்கோ.”

பத்திரிகை குலுங்கவில்லை. எனக்கு அந்த மேசையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஈ நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான் அல்லவா?

றேமண்ட் எழும்பி நின்றார். “அம்மா, அது அக்கா எழுதல. நான் போட்டது.”

மயிலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “நீங்களோ? அப்ப அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமே?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நாலு லைன் குறைஞ்சது.” றேமண்ட் பூசைச் சேட்டின் கையால் கண்ணைத் துடைத்தார்.

மயிலம்மா சரோஜினிதேவியின் பக்கம் திரும்பினார். “அப்ப உங்கட சேந்தன்?”

“அவனை நான் அனுப்பேல்லை.”

“அனுப்பேல்லை எண்டால்?”

“அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை, மயிலம்மா.”

“ஒண்டும் நடக்கேல்லை, ஒண்டும் நடக்கேல்லை. நான் போகாத கந்தோர் இல்லை ரீச்சர். எல்லாரும் இதைத்தான் சொல்லுறாங்கள். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நீங்களாவது நேராச் சொல்லுங்கோ.”

சரோஜினிதேவி காதிலிருந்த பேனையை எடுத்து மேசையில் வைத்தார். இருபத்துமூன்று பேரை அனுப்பியபோது கைகொடுத்த தேத்தண்ணி இப்போது உதவாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கோப்பையை வைத்து ஆளை அனுப்பலாம், அனுப்பவில்லை என்று சொல்ல முடியாது.

“சாகேல்லை” என்றார்.

பத்திரிகை கீழே இறங்கியது. நவரத்தினத்தின் முழு முகத்தையும் அன்றுதான் நான் பார்த்தேன். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருடத்தில் இந்தச் சொல் மனைவியின் வாயிலிருந்து வந்து தான் கேட்டதில்லை என்று பிறகு படியில் வைத்து என்னிடம் சொன்னார்.

“என்ர சேந்தன் சாகேல்லை. செத்துப்போனான் எண்டு ஆரும் சொன்னால் என்னட்டை அனுப்புங்கோ, நான் கதைக்கிறன்” என்றார் சரோஜினிதேவி. “உங்கட பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது, மயிலம்மா. தெரியுமெண்டு பொய் சொல்லமாட்டன்.”

“அது எனக்கு விளங்குது ரீச்சர். அதைக் கேக்க நான் வரேல்லை. கோப்பையைத்தான் கேக்க வந்தனான்.”

சரோஜினிதேவி ஒரு நாட்காட்டித் தாளைப் புரட்டி, இந்த வார அத்தியாயத்தின் முதல் வரியை எல்லார் முன்னாலும் எழுதினார். ‘சேந்தன் சாகவில்லை.’ தாளை என்னிடம் தராமல் றேமண்டிடம் நேரே நீட்டினார்.

“பெரிய எழுத்துல போடவா அக்கா?”

“போடும். வரி குறைஞ்சா இதையே திருப்பித் திருப்பிப் போடும். ஈ கீ ஒண்டும் வேண்டாம்.”

மயிலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்படியே அழவும் தொடங்கினார். நவரத்தினம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குச் சீனியின் அளவு தெரியவில்லை. சீனிப் பாணியாக இருந்தது, ஆனால் மயிலம்மா அடிவரைக்கும் குடித்தார், நாங்களும் குடித்தோம்.

பிறகு சரோஜினிதேவி எழும்பினார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மேசையில் நின்ற பழைய கோப்பைகளையும் நாங்கள் குடித்து வைத்தவற்றையும் இரண்டு நடையாக அள்ளிக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, கோப்பை ஒவ்வொன்றாகக் கவிழ்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மேசையில் நீல விளிம்புக் கோப்பை மட்டும் நின்றது. அதை அவர் தொடவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கழுவிக் கொண்டுவந்த பீரிசுத் தட்டு ஒன்றை, ஈ இருக்காதபடி, அதன்மேல் கவிழ்த்து மூடினார்.